கேம் ஆடும்போது லேப்டாப் டப்பென்று அணைகிறதா? பேஸ்ட் மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

போன மே மாதம், ஒரு ஞாயிறு மதியம் சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, திரும்பவும் ஆஃப் ஆயிடுச்சு. மேட்ச் பாதியில. இந்த வாரத்துல நாலாவது தடவை."

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் பக்கத்து சர்வீஸ் கடையில் 1,800 ரூபாய் கொடுத்து, தூசி தட்டி, புது தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை மேலே உள்ள உலோகத்துக்குக் கடத்தும் பசை) போட்டு வாங்கி வந்திருந்தான். கடையில் சொன்ன காரணம் "ஹீட் பிராப்ளம்". கத்திரி வெயிலில் கேமிங் லேப்டாப் அணைந்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், நானும் அதைத்தான் நினைத்தேன். ஆனால் அவன் விஷயத்தில் பழுது லேப்டாப்புக்குள்ளேயே இல்லை. அதனால் இந்த வழிகாட்டியை ஸ்க்ரூ டிரைவரிலிருந்து தொடங்கப்போவதில்லை. முதலில் அது எப்படி அணைகிறது என்று பார்ப்போம்.

அணையும் விதத்தைக் கவனியுங்கள்

சூடு ஏறியதும் லேப்டாப் உடனே அணைந்துவிடாது. முதலில் வேகத்தைக் குறைக்கும். இன்டெல் லேப்டாப் சிப்களில் பெரும்பாலானவற்றுக்கு எல்லை 100 டிகிரி. ஏஎம்டி ரைசனில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. அந்த எல்லையைத் தொட்டதும் சிப் தன் கடிகார வேகத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். இதைத்தான் தெர்மல் த்ராட்லிங் என்கிறார்கள். வேகத்தைக் குறைத்தும் சூடு ஏறிக்கொண்டே போனால்தான், விண்டோஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஹார்ட்வேரே மின்சாரத்தைத் துண்டிக்கும். சிப் கருகிப் போகாமல் காப்பதற்கான கடைசி ஏற்பாடு அது.

ஆக, உண்மையான சூட்டுப் பிரச்சினை பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஃபேன் இரையும், 90-ல் ஓடிய ஃப்ரேம் ரேட் (திரையில் நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை) 40-க்கு விழும், கீபோர்டின் மேல்பகுதி விரல் வைக்க முடியாமல் கொதிக்கும். பத்து இருபது நிமிடம் இப்படி இழுத்துக்கொண்டிருந்துவிட்டு அணைந்தால் சூடுதான் காரணம் என்று நினைக்கலாம்.

எந்த அறிகுறியும் இல்லாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேம் ஒரு நொடியில் கறுத்துப்போனால் சந்தேகம் வேறு பக்கம் திரும்ப வேண்டும். சார்ஜர், பேட்டரி, அல்லது மதர்போர்டின் மின்பகுதி. கேம் தொடங்கிய சில நொடிகளிலேயே அணைந்தால் இன்னொன்றும் உண்டு: சூட்டை உறிஞ்சி வெளியே அனுப்பும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க் சிப்பின் மேல் சரியாக உட்காராமல் இருக்கலாம். அப்படி இருந்தால் வெப்பநிலை கண்ணிமைக்கும் நேரத்தில் 50-லிருந்து 100-க்கு எகிறும்.

திரை மட்டும் கறுத்து, சத்தம் ஓடிக்கொண்டே இருந்தால் அது ஷட்டவுன் அல்ல. கிராஃபிக்ஸ் டிரைவரோ, ஜிபியூ எனப்படும் கிராஃபிக்ஸ் சிப்போ விழுந்திருக்கிறது. நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆனால் டிரைவர், ரேம் என்று தேடல் வேறு திசையில் போகும். இந்த இரண்டும் இங்கே நம் வேலை இல்லை.

சாட்சியைச் சேகரியுங்கள்

ஸ்டார்ட் பொத்தானில் ரைட் கிளிக் செய்து ஈவென்ட் வியூவரைத் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அணைந்த நேரத்தை ஒட்டி கெர்னல்-பவர் 41 என்று ஒரு சிவப்பு வரி இருக்கும். இதைப் பார்த்ததும் "41-தான் என் பிரச்சினை" என்று இணையத்தில் தேடி நாட்களை வீணடிப்பவர்கள் நிறைய. 41 ஒரு காரணமே அல்ல. "போன முறை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை" என்று அடுத்த முறை ஆன் ஆகும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். அதன் விவரப் பகுதியில் பக்செக்கோட் என்ற இடத்தில் 0 இருந்தால், நீலத் திரைக்குக்கூட நேரமில்லாமல் மின்சாரம் போயிருக்கிறது என்று பொருள். வேறு எண் இருந்தால் அந்த எண்ணைப் பிடித்துத் தேடலாம். அதே கெர்னல்-பவரில் 86 என்ற எண் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்: வெப்பத்தால் அணைத்தேன் என்று விண்டோஸே ஒப்புக்கொள்ளும் வரி அது. ஆனால் எல்லா லேப்டாப்பிலும் வராது.

அடுத்தது எச்.டபிள்யூ.இன்ஃபோ (HWiNFO). இலவச மென்பொருள். திறக்கும்போது சென்சார்களை மட்டும் காட்டச் சொல்லுங்கள். சென்சார் ஜன்னலின் அடியில் லாகிங் தொடங்கும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, கோப்புக்கு ஒரு பெயர் கொடுத்துவிட்டுப் போய் கேம் ஆடுங்கள். இரண்டு நொடிக்கு ஒரு முறை எல்லா அளவுகளையும் அது எழுதிக்கொண்டே இருக்கும். லேப்டாப் அணைந்த பிறகு அந்தக் கோப்பை எக்செலில் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். ஓரிரு வரி தொலைந்திருக்கலாம், மற்றபடி விமானத்தின் கறுப்புப் பெட்டி மாதிரிதான்.

கடைசி வரிகளில் சிபியூ (லேப்டாப்பின் முதன்மைச் சிப்) 98, 99, 100 என்று நின்று, த்ராட்லிங் என்ற பத்தியில் "யெஸ்" (Yes) என்று இருந்தால் சூடு. ஜிபியூ பெரும்பாலான என்விடியா லேப்டாப்களில் 87 டிகிரி அருகே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். 80-ஐ ஒட்டி ஓடினால் பயப்பட வேண்டியதில்லை. ஃபேன் வேகம் 0 என்று இருந்தாலோ, இரண்டு ஃபேன்களில் ஒன்று மட்டும் ஓடினாலோ தேடலே முடிந்தது. ஒரு எச்சரிக்கை: சில லேப்டாப்களில் ஃபேன் வேகத்தை இந்த மென்பொருளால் படிக்கவே முடியாது. அந்தப் பத்தியே இல்லையென்றால் ஃபேன் செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல் காதை வைத்துக் கேளுங்கள்.

சித்தி மகனின் கோப்பில் கடைசி வரி: சிபியூ 82, ஜிபியூ 74. இரண்டும் எல்லைக்குப் பக்கத்திலேயே இல்லை. பேஸ்ட் போட்டவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார். நோய்தான் வேறு.

சூடு இல்லையென்றால்: சார்ஜரும் பேட்டரியும்

கேமிங் லேப்டாப் ஆடும் நேரத்தில் இழுக்கும் மின்சாரம் கொஞ்சநஞ்சமல்ல. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப் மட்டும் மாடலைப் பொறுத்து 80 வாட் வரை போகும், ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட் வரை. கூடவே சிபியூ 45 வாட்டுக்கு மேல், திரை, ஃபேன் எல்லாம் இருக்கின்றன. ஒரு நொடிக்குள் தேவை எகிறும்போது சார்ஜரால் கொடுக்க முடியாத மிச்சத்தைப் பேட்டரி கொடுக்கும்படிதான் பல லேப்டாப்களை அமைத்திருக்கிறார்கள். இருவரில் ஒருவர் தளர்ந்துபோனால் மற்றவர் மேல் சுமை விழும், வோல்ட்டேஜ் சரியும், லேப்டாப் அணையும்.

முதலில் சார்ஜரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படியுங்கள். அவுட்புட் என்ற இடத்தில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 19.5 வோல்ட், 7.7 ஆம்பியர் என்றால் 150 வாட். 20 வோல்ட், 9 ஆம்பியர் என்றால் 180. லேப்டாப்போடு வந்த சார்ஜர் எத்தனை வாட்டோ, அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். பழையது போய் கடையில் "அதே பின்தான், போடுங்க" என்று வாங்கிய சார்ஜர் என்றால் இங்கேயே நின்று யோசியுங்கள். பின் பொருந்துவது வேறு, வாட் பொருந்துவது வேறு. சார்ஜர் செருகியிருக்கும்போதே கேம் நடுவில் பேட்டரி சதவீதம் வேகமாகக் குறைந்துகொண்டே போனால் அதுவும் இதே கதைதான்.

பேட்டரிக்கு எச்.டபிள்யூ.இன்ஃபோவிலேயே வேர் லெவல் என்று ஒரு அளவு இருக்கிறது. பேட்டரி எவ்வளவு தேய்ந்துவிட்டது என்று சதவீதத்தில் காட்டும். 40, 50 என்று இருந்தால் கேம் நேரத்தில் அதை நம்பக் கூடாது. டச்பேட் மேலெழும்பி நின்றாலோ, அடிமூடி பிதுங்கியிருந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது. அப்படியென்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு லேப்டாப்பையும் அணைத்து வையுங்கள். சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றித் தர சர்வீஸ் ஆளிடம் போவதே சரி.

சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் மட்டும் ஆடிப் பார்த்து, "இப்போ அணையல, அதனால சார்ஜர்தான்" என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. அது அரைகுறை சோதனை. பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தானாகவே சக்தியைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொள்ளும், அதனால் சூடும் குறையும். நம்பகமான சோதனை, அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் சார்ஜரை ஒரு மாலை நேரம் கடன் வாங்குவது.

இன்னொரு சின்ன விஷயம். லேப்டாப் அணைந்த உடனே சார்ஜரின் குட்டி விளக்கைப் பாருங்கள். அதுவும் அணைந்திருந்து, சுவர் பிளக்கைப் பிடுங்கிச் சிறிது நேரம் கழித்துச் செருகினால்தான் திரும்ப எரிகிறது என்றால், சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பூட்டிக்கொண்டிருக்கிறது. சித்தி மகனிடம் போனில் இதைக் கேட்டேன். "ஆமாண்ணா, பச்சை லைட் போயிடும். பிளக்கைக் கழட்டி மாட்டினா வரும். அது கரண்ட் பிரச்சினைன்னு நெனச்சேன்." நான்கு முறையும் அப்படித்தான் நடந்திருக்கிறது. கடையிலும் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கடையில் சோதித்தது கடையின் சார்ஜரில் என்பதால் அங்கே அணையவும் இல்லை.

சூடுதான் என்றால்: காசில்லாத வைத்தியம்

அறை வெப்பம் எவ்வளவு ஏறுகிறதோ, ஏறக்குறைய அதே அளவு சிப்பும் ஏறும். ஏசி அறையில் 25 டிகிரியில் 85-ல் ஓடும் லேப்டாப், மொட்டை மாடிக்குக் கீழுள்ள 37 டிகிரி அறையில் 95-ஐத் தாண்டப் பார்க்கும். குளிர்நாட்டு யூட்யூபர் காட்டும் எண்ணை நம் மே மாதத்தோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

பெரும்பாலான கேமிங் லேப்டாப் அடியிலிருந்து காற்றை இழுத்துப் பின்னாலும் பக்கத்திலும் தள்ளும். மெத்தை, தலையணை, மடி எல்லாம் அந்த வாயை அடைப்பவை. மேசையில் வைத்து, பின்பக்க ரப்பர் கால்களுக்கு அடியில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் மூடி வைத்துப் பாருங்கள். என் பழைய லேப்டாப்பில் இந்த இரண்டு மூடிகள் 5 டிகிரி குறைத்தன. 1,500 ரூபாய் கூலிங் பேட் அதற்கு மேல் 2 டிகிரிதான் குறைத்தது. டேபிள் ஃபேன் வைப்பதென்றால் சூடான காற்று வெளியேறும் பக்கத்துக்கு எதிராக வைக்காதீர்கள், வெளியே போகிற சூட்டை உள்ளேயே தள்ளிவிடும்.

அப்புறம் ஃப்ரேம் ரேட். திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் கேம் 230 ஃப்ரேம் வரைவதால் கண்ணுக்குப் பெரிய லாபம் இல்லை, சிப்புக்குத்தான் வேலை. மெனு திரையில் சும்மா நிற்கும்போதுகூட சில கேம்கள் முழு வேகத்தில் ஃப்ரேம்களைக் கொட்டும். 2021-ல் அமேசானின் நியூ வேர்ல்ட் பீட்டாவில் சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்தபோது மெனு ஃப்ரேம்கள் பெரிய பேச்சாயின. பிறகு மெனுவுக்கு வரம்பு வைத்தார்கள். கேம் செட்டிங்கிலோ, என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் என்ற இடத்திலோ 60 அல்லது 90 என்று கட்டுப்போடுங்கள்.

இலவச வைத்தியங்களில் எனக்கு மிகப் பிடித்தது டர்போவை, அதாவது சிப் தன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடுவதை, நிறுத்துவது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட், மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட். 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். ஒரே ஒரு சதவீதம்தான், ஆனால் பெரும்பாலான சிப்களில் டர்போ வேகமே நின்றுவிடும். என்னிடம் இருப்பதில் சிபியூ 96-லிருந்து 76-க்கு இறங்கியது. ஃப்ரேம் ரேட்டில் இழந்தது ஏழெட்டுதான், ஏனென்றால் நான் ஆடும் கேம்களில் பாரம் ஜிபியூ மேல். சிபியூவை நம்பி ஓடும் ஸ்ட்ராட்டஜி கேம் என்றால் இழப்பு அதிகம் தெரியும். சில புது லேப்டாப்களில் இந்த வரியையே மறைத்துவைத்திருப்பார்கள். அங்கே லேப்டாப் நிறுவனத்தின் ஆப்பில் டர்போ முறையை விட்டு பேலன்ஸ்டு முறைக்கு வாருங்கள்.

சிப்புக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைக்கும் அண்டர்வோல்ட்டிங் நல்ல உத்திதான். ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்த பிறகு பல இன்டெல் லேப்டாப்களில் பயாஸ் (லேப்டாப் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வழியாக அதைப் பூட்டிவிட்டார்கள். ஜிபியூவுக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் இன்னும் செய்யலாம். புதிதாகத் தொடுபவர்கள் இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தவறாகக் குறைத்தால் அதுவே கேமை நடுவில் விழவைக்கும், எது எதனால் என்று குழம்பிப்போவீர்கள்.

திறந்து பார்ப்பது

வாங்கி ஒன்றரை வருடம் தாண்டியும் ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லட்டுமா? என்னுடையதை முதல்முறை திறந்தபோது ஃபேன் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. இவ்வளவுதானா என்று மூடப்போனேன். பிறகு ஃபேன் மூடியின் மூன்று சின்ன ஸ்க்ரூவையும் கழற்றினேன். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு நெட்டாக நின்றது. ட்வீசரால் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழுசாக வந்தது, கம்பளிப் போர்வையின் ஓரத்தைக் கத்தரித்த மாதிரி. தலைமுடி, பஞ்சு, சமையல் புகையின் பிசுக்கு எல்லாம் சேர்ந்து தறியில் நெய்ததுபோல் இருந்தது. காற்று போகிற வழியே அதுதான்! வெளியிலிருந்து புளோயர் அடித்தால் இது போகாது. வந்த பக்கமே கொஞ்சம் நகர்ந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

வாரன்டி இருந்தால் முதலில் நிபந்தனைகளைப் படியுங்கள். பிறகு உங்கள் மாடல் பெயரைப் போட்டு, பிரிக்கும் வீடியோ ஒன்றை முழுதாகப் பார்த்துவிடுங்கள். லேப்டாப்பை முழுதாக ஷட்டவுன் செய்து சார்ஜரைப் பிடுங்கி, ஒரு தாளில் அடிமூடியின் படம் வரைந்து, கழற்றும் ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை இடத்தில் முறுக்கினால் கீபோர்டு பக்கம் புடைத்துவிடும். ரப்பர் காலுக்கடியில் ஒளிந்த ஸ்க்ரூ இருக்கலாம். மூடி வரவில்லையென்றால் பலம் காட்டாமல் அதைத் தேடுங்கள். கிளிப்புகளை விடுவிக்கப் பழைய ஏடிஎம் கார்டு போதும்.

மூடி வந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள். பிறகு ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, சுத்தமான அரை இஞ்ச் பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் துடையுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேனைச் சுழல விட்டால் பேரிங் கெடும். வீட்டு வாக்குவம் கிளீனரை உள்ளே விட வேண்டாம், அதன் முனையில் ஸ்டாட்டிக் மின்சாரம் சேரும். ஃபேனைக் கையால் சுற்றும்போது கரகரவென்றாலோ அச்சு ஆடினாலோ, ஃபேன் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரை அப்படியே குறித்து அதே ஃபேனை வாங்கிப் போடுங்கள்.

பேஸ்ட்: எப்போது, எப்படி

தூசி எடுத்த பிறகும் சூடு குறையவில்லை, அல்லது சிபியூவுக்குள் இருக்கும் கோர்களில் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளில்) ஒன்று மற்றவற்றைவிட 15 டிகிரி அதிகமாக நிற்கிறது என்றால் பேஸ்ட் முறை வந்துவிட்டது. சிப் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், நடுவில் காய்ந்துபோகும்.

ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். கழற்றும்போது கடைசி எண்ணிலிருந்து, மாட்டும்போது 1-லிருந்து. ஒரே ஸ்க்ரூவை முழுசாக முறுக்காமல் எல்லாவற்றையும் சுற்றுக்குக் கொஞ்சமாக இறுக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பஞ்சுமாகத் துடைத்தெடுங்கள். டெஸ்க்டாப் வீடியோக்களில் நடுவில் ஒரு பட்டாணி வைத்தால் போதும் என்பார்கள். லேப்டாப் சிப்புக்கு மேலே உலோக மூடி கிடையாது, சிலிக்கானே வெளியே தெரியும். அதனால் மெல்லிய படலமாக முழுப் பரப்பையும் மூடும்படி தடவுவதுதான் நல்லது. மூலை விட்டுப்போனால் அந்த இடம் தனியாகக் கொதிக்கும்.

ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 போன்ற சாதாரண நல்ல பேஸ்ட் போதும். அடிக்கடி திறக்க மனமில்லாதவர்களுக்கு ஹனிவெல் பிடிஎம்7950 தாள் பொருத்தம். சுமார் 45 டிகிரியில் இளகிப் படியும், ஓரத்துக்கு எளிதில் ஒதுங்காது. முதல் சில முறை சூடாகி ஆறிய பிறகுதான் முழுப் பலன் தெரியும். பேஸ்ட்டுக்குப் பதிலாகப் போடும் திரவ உலோகமான லிக்விட் மெட்டல் பக்கம் போகாதீர்கள். அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். அசுஸ் ஆர்ஓஜி போன்ற வரிசைகளில் 2020 முதல் சில மாடல்களில் நிறுவனமே லிக்விட் மெட்டல் போட்டு அனுப்புகிறது. உங்களுடையது அப்படியென்றால் ஹீட்சிங்க்கைத் தூக்கவே வேண்டாம்.

மெமரி சிப்கள் மேல் ஒட்டியிருக்கும் மெத்தென்ற தெர்மல் பேடுகள் கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் ஹீட்சிங்க் ஒரு முடி அளவு தூக்கிக்கொண்டு நிற்கும், சிபியூ மேல் உட்காராது. பேஸ்ட் மாற்றியதும் முன்பைவிடச் சூடு ஏறிவிட்டது என்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

மறுபடி அளந்து பாருங்கள்

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே கேம், அதே கிராஃபிக்ஸ் செட்டிங், முடிந்தால் அதே மதிய நேரம், அரை மணி ஆட்டம், லாகிங் ஓடட்டும். பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் எது வேலை செய்தது என்று தெரிந்துவிடும். சிபியூ, ஜிபியூ இரண்டும் அடக்கமாக இருந்து, வேறு சார்ஜரிலும் அணைந்தால் மதர்போர்டின் மின்பகுதிதான் மிச்சம், அது வீட்டில் செய்யும் வேலை இல்லை. கடைக்குப் போகும்போது உங்கள் சார்ஜரையும் அந்தக் கோப்பையும் கொண்டுபோங்கள். "கேம் ஆடினா ஆஃப் ஆகுது" என்று மட்டும் சொன்னால் பேஸ்ட் போட்டுத்தான் திருப்பித் தருவார்கள்.

சித்தி மகன் கல்லூரி நண்பனிடம் அதே மாடல் சார்ஜரை வாங்கிவந்து ஒரு மாலை முழுக்க ஆடினான். அணையவில்லை. அவன் கையில் இருந்த சார்ஜரைத் திருப்பி ஸ்டிக்கரைப் படித்துச் சொல்லச் சொன்னேன். 120 வாட். லேப்டாப்போடு வந்தது 180. போன வருடம் ஹாஸ்டலில் யாருடையதோடோ மாறிப்போயிருக்கிறது.